கூவாகம் போகிறவர்கள் புதன்கிழமையும் இருங்கள்

எங்கள் சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை என்று பஸ் மாறிப் போனால் கூவாகம். மற்ற நாளில் வெளியூர்க்காரர் எட்டிப் பார்க்காத கிராமம். சித்திரையில் கூத்தாண்டவர் கோயில் திருவிழா வந்துவிட்டால் மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும், கடல் கடந்தும் திருநங்கைகள் வந்து இறங்குவார்கள்.

மாரியம்மனுக்குச் சாகை (கூழ்) வார்த்தலோடு தொடங்கும் 18 நாள் விழா. கூத்தாண்டவர் என்பது அரவான். அர்ஜுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்தவன். பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலியாக ஒப்புக்கொண்டவன், சாவதற்குள் ஒருநாளாவது கல்யாணம் பண்ணிக்கொள்ள ஆசைப்பட்டான். மறுநாள் சாகப் போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாக வந்து மணந்தான். அந்த மோகினியாகத்தான் திருநங்கைகள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். பட்டுப்புடவையும் மல்லிகையுமாக என் முன்னால் நின்ற ஒருவர் மஞ்சள் கயிற்றைத் தடவியபடியே, “அக்கா, முடிச்சு இறுக்கமா விழுந்திருக்கா, பாருங்களேன்” என்றார். பார்த்துச் சொன்னேன். விடிய விடியக் கற்பூரம் கொளுத்திச் சுற்றிலும் கும்மியடித்தார்கள்.

வேண்டுதலுக்காகச் சுற்றுவட்டார ஆண்களும் இங்கே தாலி கட்டிக்கொள்வது உண்டு. திருநங்கைகள் விழா என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

புதன் காலை தேர். அரவானின் மார்பு, புஜம், கை, கால் எல்லாம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து சேர்ந்து தேரில் உருவம் எழும்பும். விவசாயிகள் விளைந்ததைத் தேர்மேல் வீசுவார்கள். தேர் அழிகளம் என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் களப்பலி. உடனே ஒப்பாரி வெடிக்கிறது. பூசாரிகள் தாலியை அறுக்கிறார்கள், வளையல் நொறுங்குகிறது, திருநங்கைகள் தலைமுழுகி வெள்ளைப் புடவைக்கு மாறுகிறார்கள். பெற்ற வீடு கதவடைத்ததையும் சேர்த்தே பலர் அழுகிறார்கள். விழுப்புரத்தில் நடக்கும் மிஸ் கூவாகம் அழகிப் போட்டியைத்தான் பத்திரிகைகள் பெரிதாகப் போடுகின்றன. என்னைக் கேட்டால், விழாவின் உயிர் இந்தப் புதன்கிழமையில் இருக்கிறது.

இப்படிப்பட்ட விழாக்களைத் தேடித் தூர தேசம் போகிறவர்களும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டு வீதா நகரில் ஜனவரி 10-ம் தேதி நடக்கும் வோடூன் வழிபாட்டுத் திருவிழாவுக்கு உலகெங்கிருந்தும் பயணிகள் போகிறார்கள். நைஜீரியாவில் ஓசுன் தெய்வத்தின் தோப்பை யுனெஸ்கோ 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அங்கெல்லாம் போக ஆசைப்படுகிறவர்கள் நம் மாவட்டத்துக் கூவாகத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

குடும்பத்தோடு வாருங்கள், பயப்பட ஒன்றுமில்லை. படையலாக வைக்கும் உருமச்சோற்றைப் பிள்ளைவரம் கேட்பவர்கள் வாங்கிச் சாப்பிடுவார்கள், அதுவரைக்கும் இருங்கள். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். தாலி அறுக்கும் நேரத்தில் மட்டும் செல்போனைத் தயவுசெய்து பைக்குள் வைத்துவிடுங்கள்.