விடுமுறைக்கு மூன்று நாள்

ஆசிரியப் பணியேற்று ஐந்து திங்களே ஆயின. விடுமுறைக்கு மூன்று நாளுண்டு. விடைத்தாள்களோ பாதியும் திருத்தப்படவில்லை. நெடுந்தீவில் தனித்திருக்கும் அம்மா, "எப்ப மோனை வாறாய்?" என்று நாள்தோறும் கேட்கிறார்.

ஆறுமுக நாவலரை நினைத்துக்கொண்டேன். 1848இல் மிஷன் பாடசாலை உத்தியோகத்தைத் துறந்து, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1849இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னை சென்றார். சிறுவர்க்கேற்ற பாலபாடங்களையும் தாமே எழுதினார். இல்லறத்தை அவர் நாடவேயில்லை. அத்துறவு எனக்கு வாய்க்காது, அம்மா இருக்கிறாரே!

ஆயினும் ஒரு தாள் என்னை உறுத்துகின்றது. பெயரைத் தவிர அதில் ஓரெழுத்துமில்லை. அச்சிறுவனுக்கு இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை. விடுமுறை கழிவதற்குள் அறிந்த எழுத்துக்களையும் மறந்துவிடுவான். முதல் வாரம் இங்கேயே தங்கி அவனுக்குக் கற்பிப்பதென முடிவு செய்துள்ளேன். பிறகுதான் குறிகட்டுவானுக்குப் பஸ், அப்பாற் படகு.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.