விசாவில் எழுதியிருப்பதுதான் வேலை



நமது அறக்கட்டளைக்கு வரும் உதவி மனுக்களில் மருத்துவம், கல்வி, திருமணம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக வருபவை சபர் சம்பந்தப்பட்டவை. போவதற்குக் கடன் கேட்டு ஒரு மனு வரும். ஒரு வருடம் கழித்து, அதே வீட்டிலிருந்து, பிள்ளையை ஊருக்குக் கொண்டுவர உதவி கேட்டு இன்னொரு மனு வரும். இரண்டாவது மனுவோடு வரும் காகிதங்களை விரித்துப் பார்த்தால், சிக்கலின் தொடக்கம் நம்மூரிலேயே, பாஸ்போர்ட்டையும் பணத்தையும் ஏஜெண்டிடம் கொடுத்த அன்றே இருப்பது தெரியும். அவர் வாயால் சொன்னது ஒன்று, காகிதத்தில் இருந்தது ஒன்று. விமானம் ஏறிய பிறகு செல்லுபடியாவது காகிதம் மட்டுமே.

கஃபாலத் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ஒருவருடைய கடனுக்கு இன்னொருவர் பொறுப்பேற்பதை ஃபிக்ஹு நூல்கள் அந்தப் பெயரால்தான் சொல்கின்றன. வளைகுடா நாடுகளில் அதே சொல் வேறொரு ஏற்பாட்டுக்குப் பெயராகிவிட்டது. வெளிநாட்டுத் தொழிலாளி அந்த நாட்டில் தங்கியிருப்பதற்கு அங்குள்ள முதலாளியோ நிறுவனமோ பொறுப்பு. அவர்தான் கஃபீல். இகாமா அவர் பெயரோடு சேர்த்தே வழங்கப்படுகிறது. திருப்பூரில் சம்பளம் ஒத்துவராவிட்டால் மறுநாள் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடலாம். அங்கே வேலையை விட்டால் தங்கும் உரிமையும் சேர்ந்து போய்விடும். இந்த வித்தியாசம் மனதில் பதியாததால்தான் நம் பிள்ளைகள் பலர், 'முதலில் போய்ச் சேருவோம், பிறகு பார்த்துக்கொள்வோம்' என்று கிளம்பிவிடுகிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது விசாவில் உள்ள தொழிலின் பெயர். சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர் வேலை என்று சொல்லி சவூதிக்கு அனுப்பப்பட்ட ஒரு தம்பியின் விசாவில் 'சாயிக் ஹாஸ்', அதாவது வீட்டு டிரைவர், என்று இருந்தது. அவருக்கு லைசென்ஸே கிடையாது. 'அதெல்லாம் சும்மா பேருக்கு' என்றாராம் ஏஜெண்ட். பேருக்கு அல்ல. சவூதியில் வீட்டு டிரைவர், வீட்டு வேலையாள், தோட்டக்காரர், ஆடு ஒட்டகம் மேய்ப்பவர் ஆகியோர் பொதுவான தொழிலாளர் சட்டத்துக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தனி விதிகள். கம்பெனித் தொழிலாளி நான்கு ஆண்டு வேலை பார்த்து ஒப்பந்தம் முடிந்து வந்தால், ஆண்டுக்கு அரை மாதம் என்று இரண்டு மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். வீட்டு வேலைக்காரருக்கு அதே நான்கு ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம்தான்.

2021 மார்ச்சில் சவூதி அரசு கொண்டுவந்த சீர்திருத்தத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓராண்டு முடித்த தொழிலாளி, முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்து, கஃபீலின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வராவிட்டால் அந்த ஓராண்டுகூடக் காத்திருக்கத் தேவையில்லை. ஊருக்கு வந்துபோகும் எக்ஸிட் ரீ-என்ட்ரியைத் தானே எடுக்கவும் வழி செய்தார்கள். நல்ல மாற்றம், மறுப்பதற்கில்லை. ஆனால் மேலே சொன்ன வீட்டு வேலை, டிரைவர், மேய்ப்பர் வகையினருக்கு அந்தச் சலுகை பொருந்தாது. ஆக, விசாவில் உள்ள ஒற்றைச் சொல், ஒருவர் எந்தச் சட்டத்தின் நிழலில் நிற்கிறார் என்பதையே தீர்மானித்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க அரபி மொழி கற்றிருக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் எல்லோரும் மக்தபில் எழுத்துக் கூட்டி ஓதியவர்கள்தாம். விசாத் தாளில் 'மிஹ்னா' என்ற சொல்லைத் தேடுங்கள். தொழில் என்று பொருள். அதற்கு எதிரே இருப்பதை எழுத்துக் கூட்டி வாசித்து, பொருள் தெரியாவிட்டால் பள்ளிவாசல் இமாமிடம் காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. ஒப்பந்தத்தில் தேட வேண்டிய சொல் 'ராதிப்', சம்பளம்.

அடுத்தது 'ஃப்ரீ விசா'. இப்படி ஒரு விசா எந்த வளைகுடா நாட்டின் சட்டத்திலும் இல்லை. யாரோ ஒரு கஃபீல் தன் பெயரில் விசா எடுத்து விற்கிறார். வாங்கியவர் அங்கே போய்த் தானாக வேலை தேடிக்கொண்டு, ஆண்டுக்கு இவ்வளவு என்று கஃபீலுக்குக் கப்பம் கட்டுகிறார். அந்த நாட்டுச் சட்டப்படி, அனுமதியின்றி கஃபீல் அல்லாத இடத்தில் வேலை செய்வதே குற்றம். கஃபீல் கோபித்துக்கொண்டாலோ, கூடுதல் பணம் கேட்டுக் கிடைக்காமல் போனாலோ, 'என் ஆள் ஓடிவிட்டான்' என்று பதிவு செய்துவிட முடியும். இதைத்தான் ஹுரூப் என்கிறார்கள். ஹுரூப் விழுந்தவர் இகாமாவைப் புதுப்பிக்க முடியாது, பிடிபட்டால் நாடுகடத்தப்படுவார். வேலை பார்த்த இடத்தில் சம்பளப் பாக்கி இருந்தாலும், அந்த முதலாளியோடு ஒப்பந்தமே இல்லை என்பதால் எதை வைத்து வழக்குப் போடுவது? ஃப்ரீ விசாவில் போய் நன்றாக இருப்பவர்களும் நம்மூரில் உண்டு. அவர்களைக் காட்டித்தான் விசா விற்கப்படுகிறது. தோற்றுத் திரும்பியவர் வெட்கப்பட்டு வாய் திறப்பதில்லை.

சம்பளத்தின் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏஜெண்ட் சொல்வது மொத்தத் தொகை. ஒப்பந்தத்தில் அது அடிப்படைச் சம்பளம் என்றும் படிகள் என்றும் பிரிக்கப்பட்டிருக்கும். அமீரகத்தில் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தின் மீதுதான் கணக்கிடப்படுகிறது. முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள், அதற்கு மேல் 30 நாள். துபாயில் மாதம் 2,000 திர்ஹம் வாங்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு அடிப்படை 1,800, மற்றவருக்கு 1,200. ஐந்து ஆண்டு முடித்து வரும்போது முன்னவருக்கு ஏறத்தாழ 6,300 திர்ஹமும் பின்னவருக்கு 4,200 திர்ஹமும் கிடைக்கும். ஒரே அறை, ஒரே வேலை, ஒரே மாதச் சம்பளம். ஓவர்டைமும் அடிப்படையை வைத்தே கணக்கிடப்படுவதால் மாதாமாதமும் அந்த வித்தியாசம் தொடர்ந்துகொண்டே இருக்கும். 'சாப்பாடு, ரூம் ஃப்ரீ' என்று சொல்லப்பட்டதா, எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கத்தாரில் 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். முதலாளி தங்குமிடம் தராவிட்டால் 500, உணவு தராவிட்டால் 300 கூடுதலாகத் தர வேண்டும். அங்கே 800 ரியால் என்று எழுதிய தாள் உங்கள் கைக்கு வந்தால் அந்தத் தாளே தவறு.

இரண்டு ஒப்பந்தம் போடும் பழக்கமும் இருக்கிறது. இங்கே ஒரு தாளில் கையெழுத்து, அங்கே இறங்கியதும் குறைந்த சம்பளத்தோடு இன்னொரு தாள். 'போடாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம்' என்பார்கள். இலட்ச ரூபாய் கடன் வாங்கிப் போனவர் என்ன செய்வார், போட்டுவிடுவார். இதைத் தடுக்கத்தான் அமீரகத்தில் 2016 முதல் ஒரு நடைமுறை உள்ளது. தொழிலாளி அங்கு வருவதற்கு முன்பே, அவருக்குப் புரியும் மொழியில் வேலை உத்தரவாதக் கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பின்னர் போடும் ஒப்பந்தம் அதனோடு ஒத்திருக்க வேண்டும். அந்தக் கடிதத்துக்கு அந்நாட்டு அமைச்சகம் அனுமதித்துள்ள மொழிகளில் தமிழும் ஒன்று. இது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆஃபர் லெட்டரைத் தமிழில் கேளுங்கள், தரமாட்டேன் என்றால் ஏன் என்று கேளுங்கள். ஆங்கிலமும் அரபியும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்ட ஒப்பந்தத்தில் இரண்டும் முரண்பட்டால் அரபி வாசகமே செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சவூதியில் இப்போது ஒப்பந்தங்கள் 'கிவா' என்ற அரசுத் தளத்தில் பதிவாகின்றன. தொழிலாளியே தன் கைபேசியில் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். கம்பெனி ஆள் 'ஓடிபி வந்திருக்கும், சொல்லு' என்று கேட்டு, இவர் சொல்லி, என்ன சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டோம் என்றே தெரியாமல் ஒப்பந்தம் முடிந்துபோகிறது. ஓடிபி கொடுப்பது கையெழுத்துப் போடுவதுதான். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடமாட்டோம் அல்லவா?

பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது சவூதி, அமீரகம், கத்தார் மூன்றிலும் சட்டப்படி தவறு. நடைமுறையில் வாங்கி வைக்கிறார்கள். அதனால் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், பிறகு இகாமா எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவைப்பது நல்லது. பின்னாளில் தூதரகத்தில் முறையிட வீட்டார் கையில் இருக்கும் அந்தப் படம்தான் உதவுகிறது.

இனி, இங்கே நம் பக்கத்தில் செய்ய வேண்டியது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் 'ஈசிஆர்' வகையைச் சேர்ந்தது. அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி தேவை. சென்னையில் அந்த அலுவலகம் இருக்கிறது. அனுமதி 'இ-மைக்ரேட்' தளம் வழியாகக் கிடைக்கிறது. ஒப்பந்தமும் அங்கே பதிவாகிவிடும். சில ஏஜெண்டுகள் இதை வீண் அலைச்சல் என்று சொல்லி, விசிட் விசாவில் அனுப்பிவைக்கிறார்கள். அப்படிப் போனவர் அரசுப் பதிவில் சுற்றுலாப் பயணி. ஈசிஆர் தொழிலாளிக்குக் கட்டாயமான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் அவருக்கு இருக்காது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் மௌத்தானாலோ நிரந்தர ஊனமானாலோ 10 இலட்சம் ரூபாய். அந்த 275 ரூபாய் கட்டப்படாததால் என்ன ஆகும் என்பதை, ஜனாஸாவை எதிர்பார்த்துக் காத்திருக்கும் வீட்டில் விளக்கிச் சொல்வதைவிட இங்கே எழுதுவது எளிது.

ஏஜெண்டுக்கு மத்திய அரசின் பதிவு எண் இருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அதற்கு ரசீது தர வேண்டும். ஊரில் நமக்குத் தெரிந்த மாமாவோ மச்சானோ ஆள் பிடித்துத் தரும் சப்-ஏஜெண்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 'நம்ம ஆளு, ரசீது கேட்டால் மனசு வருத்தப்படும்' என்கிறார்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வது பற்றியது. எழுதக் கேட்பதை அவமதிப்பாக எண்ணுவது எந்த வகையிலும் நம் மார்க்க மரபு அல்ல.

பெண்களை 'கத்தாமா' வேலைக்கு அனுப்புவது பற்றி ஒரு வார்த்தை. ஈசிஆர் வகைப் பெண்கள் 30 வயது நிரம்பாமல் இந்த வேலைக்குப் போக அனுமதி இல்லை. அனுப்பும் உரிமையும் அரசு சார்ந்த நிறுவனங்களுக்கே உண்டு. தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். தனியார் யாராவது உங்கள் வீட்டுப் பெண்ணை விசிட் விசாவில் கூட்டிப்போவதாகச் சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஏற்கனவே அங்கே சிக்கலில் இருப்பவர்களுக்கு: சவூதியில் வேலை முடிந்த 12 மாதத்துக்குள் பாக்கிக்கான வழக்கைத் தொடுத்துவிட வேண்டும். ஊர் திரும்பும் அவசரத்தில் 'எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில், பணம் கைக்கு வராமல், கையெழுத்துப் போடாதீர்கள். குடும்பத்தார் இங்கிருந்தே மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் புகார் பதியலாம். 1800 11 3090 என்பது பிரவாசி பாரதிய உதவி மையத்தின் கட்டணமில்லா எண். மாநில அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் மனு அனுப்பலாம். இணையத்தில் பதியத் தெரியாதவர்களுக்கு நம் அலுவலகத்தில் பதிந்து தருகிறோம்.

நம் வீடுகளில் விசாவுக்கான பணம் பெரும்பாலும் பெண்களின் கழுத்திலிருந்துதான் புறப்படுகிறது. ஆகவே உம்மாமார்களிடமும் மனைவிமார்களிடமும் தனியாக ஒரு வேண்டுகோள். நகையைக் கழற்றுவதற்கு முன் விசாவையும் ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். 'உனக்கென்ன தெரியும்' என்று யார் சொன்னாலும் பொருட்படுத்த வேண்டாம். அடகு மீட்க வட்டிக்காரனிடம் நிற்பது நீங்கள்தான்.

சபர் செலவுக்குக் கர்ளு ஹஸனா கேட்பவர்கள், மனுவோடு விசா நகல், ஒப்பந்த நகல், ஏஜெண்டின் பதிவு எண் மூன்றையும் இணைக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு தீர்மானித்துள்ளது. ஃப்ரீ விசாவுக்கும் விசிட் விசாவில் வேலைக்குப் போவதற்கும் கடன் தரப்படாது. இதில் சிலருக்கு வருத்தம் இருப்பதை அறிவோம். பைத்துல்மால் பணம் அமானிதம் என்பதால் இந்த விதியில் தளர்வு இருக்காது.

கடன் கேட்காதவர்களும் தங்கள் தாள்களைக் கொண்டுவந்து காட்டலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் மஃரிப் வரை, அரபி தெரிந்த ஆலிம் ஒருவரும், வளைகுடாவில் பல ஆண்டுகள் கம்பெனி அலுவலகத்தில் இருந்து திரும்பிய சகோதரர் ஒருவரும் அறக்கட்டளை அலுவலகத்தில் இருப்பார்கள். கட்டணம் இல்லை. பணம் கட்டுவதற்கு முன் வாருங்கள்.