தட்டில் வளரும் மூலிகை: எந்தக் கலவை நல்லது?

1978 சூறாவளி, 1990 வன்செயல், 2004 கடற்கோள், 2006-2007 போர் என்று மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலுமுள்ள நமது குடும்பங்கள் பலமுறை வயலையும் வளவையும் விட்டுப் புறப்பட்டவை. நிலத்தில் நட்டதைத் தூக்கிச் செல்ல முடியாது. தட்டில் முளைத்த நாற்றைத் தூக்கிச் செல்லலாம். இரவல் வளவில் இருப்பவர்களும் துளசி, தூதுவளை போன்றவற்றை இவ்வாறு வளர்க்கலாம்.

தட்டில் எதை நிரப்புவது? நமது பகுதியில் கிடைப்பவற்றைப் பார்ப்போம்.

ஆற்று மணல்: நீர் நன்றாக வடியும், ஆனால் விரைவில் காயும், சத்தும் இல்லை.

தும்புத்தூள்: பாரம் குறைவு, ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைக்கும். சத்து மிகக் குறைவு.

உமிக்கரி: காற்றோட்டம் தரும். உமி கருகியதும், சாம்பலாகுமுன் நீர் தெளித்து அணைக்க வேண்டும்.

மக்கிய சாணம் அல்லது கூட்டெரு: சத்துத் தரும். மக்காத சாணம் இளவேரைக் கருக்கிவிடும்.

ஆகவே தும்புத்தூள் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு எனக் கலந்து தொடங்கலாம்.

உவரைக் கவனியுங்கள்

வாவி நீரில் ஊறிய மட்டையின் தும்பில் உப்பு இருக்கும். தூளை நல்ல கிணற்று நீரில் ஊறவைத்துப் பிழியுங்கள்; மூன்று நான்கு முறை இவ்வாறு செய்யுங்கள். கடற்கோளுக்குப் பின் கரையோரக் கிணறுகள் உவரானதை நாம் மறக்கவில்லை. கோடையிலும் சில கிணறுகள் உவர்க்கும். அந்நீரை நாற்றுக்கு ஊற்றக் கூடாது.

சோதிப்பது எளிது. கலவையில் பத்துப் பயறு போடுங்கள். சில நாளில் முளைத்து, இலை நுனி கருகாமல் நின்றால் அதில் விதைக்கலாம். ஒரே தட்டில் மூன்று கலவைகளை மூன்று நிரையாக வைத்தும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

விதைப்பு

துளசி விதை மிகச் சிறியது. மேலே தூவி, மெல்லிய மணலால் மூடினால் போதும். ஆடாதோடைக்கு விதை தேவையில்லை. மூன்று நான்கு கணுவுள்ள தண்டை மண் நிரப்பிய பையில் நடலாம். தட்டின் அடியில் துளை இருக்கட்டும். கிடுகு நிழலில் வைத்துப் பூவாளியால் நீர் தெளியுங்கள். நடுவதற்கு ஒரு வாரம் முன் நிழலைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள்.

புரட்டாதியில் விதைத்தால் ஐப்பசி மழையோடு நடலாம். மார்கழி வெள்ளம் ஏறாத மேட்டையே தெரிவு செய்யுங்கள்.

நமது நாடு மூலிகைச் சரக்கில் ஒரு பகுதியை இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்கிறது. எனினும், அதிகம் விதைக்குமுன் உங்கள் ஊர்ச் சித்த வைத்தியரிடம் எது தேவை, எவ்வளவு தேவை என்று கேளுங்கள். வாங்குவோர் இல்லாவிட்டாலும் வீட்டு மருந்துக்கு அது உதவும்.