பிள்ளைக்குக் கிட்டார் வாங்கும் முன்



ஆராதனையில் கிட்டார் வாசிக்கும் வாலிபனை இமைகொட்டாமல் பார்த்திருந்த உங்கள் மகனோ மகளோ, வீடு திரும்பும் வழியில் "எனக்கும் ஒரு கிட்டார் வாங்கித் தாருங்கள் அப்பா" என்று கேட்டிருக்கலாம். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், ஊரிலிருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பணம் ஆகியவை போக மீந்திருப்பதிலிருந்துதான் இந்த ஆசையை நிறைவேற்ற வேண்டியவர்கள் நம்மில் அநேகர். ஆகவே வாங்குவதை ஒரே முறையில் சரியாக வாங்குவது அவசியம்.

பல வீடுகளில் நடப்பது என்ன? வாங்கிய சில மாதங்களுக்குள் கிட்டார் அலமாரியின்மேல் ஏறிவிடுகிறது. "இவனுக்கு இசையறிவு இல்லை" என்று பெற்றோர் முடிவு செய்கிறார்கள். பிள்ளையும் அதை நம்பிவிடுகிறான். அந்தக் கிட்டாரை இறக்கிப் பார்த்தால், தந்திகள் கழுத்துப் பலகையிலிருந்து வெகு உயரத்தில் நிற்கும். பழகிய கைகளுக்கே அதை அழுத்துவது கடினம். குறை கருவியில் இருக்க, பழி பிள்ளையின்மேல் விழுகிறது. எனவே குறைந்த விலையில் கிட்டார் தேடுகிறவர்கள் நிறத்தையும் பளபளப்பையும் பின்னுக்குத் தள்ளி, "இதை என் பிள்ளையின் விரல்கள் எளிதாக அழுத்த முடியுமா?" என்ற கேள்வியையே முன்னால் வைக்க வேண்டும்.

பணத்தைப் பங்கிடுங்கள்

கையிலிருப்பதை முழுவதும் கருவிக்கே செலவிட்டுவிடாதீர்கள். 8,000 ரூபாய் ஒதுக்கியிருந்தால், 6,500 ரூபாய்க்குள் கிட்டாரை முடித்துக்கொள்ளுங்கள். மீதித் தொகை ஒரு நல்ல தந்திக் கட்டு, பஞ்சு வைத்த உறை, தந்தியின் உயரத்தைச் சரிசெய்யும் கூலி ஆகியவற்றுக்கு உதவும். சுருதி சேர்க்கத் தனிக்கருவி வேண்டியதில்லை; கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் செயலியே போதும். மின்னிணைப்புக்கான பிக்கப் பொருத்திய கிட்டாருக்கு விலை கூடும். பழகும் காலத்தில் அதற்குத் தேவையில்லை. சபையில் வாசிக்கும் நாள் வந்தால் முன்னால் ஒரு மைக்கை வைத்துக்கொள்ளலாம்.

எஃகுத் தந்தியா, நைலான் தந்தியா?

பாடலுக்குத் துணையாக வாசிக்கப்படுவது பெரும்பாலும் எஃகுத் தந்திக் கிட்டார். அதன் ஒலி கணீரென்றிருக்கும். வழக்கமான தடிமனுள்ள ஆறு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் கருவியை இழுக்கின்றன. நைலான் தந்திகளின் இழுவிசை இதைவிட மிகவும் குறைவு. மென்மையான விரல்களுக்கு அவை இதமானவை. ஆனால் அவ்வகைக் கிட்டாரின் கழுத்து அகலமானது. எஃகுத் தந்திக் கிட்டாரில் கழுத்தின் தலைப்பகுதி ஏறத்தாழ 43 மில்லிமீட்டர் அகலம். நைலான் கிட்டாரிலோ ஏறத்தாழ 52 மில்லிமீட்டர். சிறுபிள்ளைகளுக்கு முக்கால் அளவுள்ள நைலான் கிட்டாரும், பன்னிரண்டு வயதைக் கடந்தவர்களுக்கு முழு அளவுள்ள எஃகுத் தந்திக் கிட்டாரும் பொதுவாகப் பொருந்தும். நைலானுக்கென்று செய்யப்பட்ட கிட்டாரில் எஃகுத் தந்தியை ஒருபோதும் மாட்டாதீர்கள். அந்த இழுவிசையைத் தாங்காமல் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

உடல் அளவையும் கவனியுங்கள். கடைகளில் அதிகமாகத் தொங்கும் அகன்ற வடிவத்திற்கு 'டிரெட்நாட்' என்று பெயர். 1906-ல் கடலில் இறக்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர் அது. மார்ட்டின் நிறுவனம் 1916-ல் இந்த வடிவத்தை உருவாக்கியது. ஒலி பெரிது, உடலும் பெரிது. குட்டையான கைகளை உடையவர்களுக்குத் தோள் வலிக்கும். அவர்கள் இடை சிறுத்த 'கன்சர்ட்' வடிவத்தை மடியில் வைத்துப் பார்க்கட்டும்.

கடையிலே ஆறு சோதனைகள்

1865-ல் தொடங்கப்பட்ட, மும்பை தோபி தலாவில் கடை வைத்துள்ள ஃபர்டாடோஸ் போன்ற பெரிய கடையானாலும், கொல்கத்தா லால்பஜார் பக்கத்துச் சிறு கடையானாலும், கருவியைக் கையில் எடுத்துச் சோதிக்க வெட்கப்படாதீர்கள். பள்ளிக்கூட அளவுகோல் ஒன்றையும் கைப்பேசியையும் கொண்டுபோங்கள். முதலில் கடைக்காரரிடம் சுருதி சேர்த்துத் தரச் சொல்லுங்கள். தளர்ந்த தந்தியில் எந்தச் சோதனையும் செல்லாது.

1. கழுத்தின் குறுக்கே பதித்துள்ள உலோகக் கட்டுகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். 12-ஆவது ஃப்ரெட்டின் மேல் அளவுகோலை நிறுத்தி, தடித்த ஆறாம் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் புதியவருக்கு ஆகாது. குறைத்துத் தரக் கேளுங்கள்.

2. ஒரு தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியை நோக்குங்கள். மயிரிழை அளவே இருக்க வேண்டும். அதிகமிருந்தால், தலைப்பகுதியிலுள்ள 'நட்' என்னும் வெண்பட்டை உயரமாக உள்ளது என்று பொருள். எஃப் கார்டில் பிள்ளைகள் தவிப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

3. ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி மீட்டுங்கள். எங்காவது இரைச்சல் எழுந்தாலும், ஒலி செத்துப்போனாலும், வேறு கிட்டாரைக் கேளுங்கள்.

4. 12-ஆவது ஃப்ரெட் தந்தியின் நடுப்புள்ளி. அங்கே அழுத்தி மீட்டினால், திறந்த தந்தியின் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும். கைப்பேசியின் செயலியில் முள் விலகி நின்றால், கழுத்தில் மேலே போகப் போக அபசுரம்தான் வரும்.

5. கழுத்தைத் தலைப்பக்கமிருந்து ஒரு கண்ணால் நோக்குங்கள். முறுக்கு இருந்தால் வாங்காதீர்கள். கழுத்தின் உள்ளே 'டிரஸ் ராட்' என்னும் எஃகுக் கம்பி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், பின்னாளில் கழுத்து வளைந்தாலும் ஓரளவு நிமிர்த்தலாம்.

6. பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் ஒட்டு விட்டுக்கொண்டிருக்கிறது. முறுக்காணிகளைச் சுழற்றுகையில் அவை வழுக்காமல் நிதானமாகத் திரும்ப வேண்டும்.

விடுதி மாணவர்களிடமிருந்து பழைய கிட்டார் வாங்குவோருக்கும் இவையே சோதனைகள். இணையத்தில் வாங்குவோர், திருப்பித் தரும் காலக்கெடு முடியுமுன் வீட்டிலேயே இவற்றைச் செய்துவிட வேண்டும்.

மரத்தைப்பற்றி ஒரு வார்த்தை

ஒலியில் பெரும்பங்கு மேற்பலகைக்கு உரியது. ஒரே மரத்தில் அறுத்த ஸ்ப்ரூஸ் பலகை சிறந்த ஒலி தரும். ஆனால் விலை அதிகம். யமஹா எஃப்310 போன்ற புகழ்பெற்ற தொடக்கநிலைக் கிட்டார்களின் மேற்பலகைகூட அடுக்கி ஒட்டிய ஸ்ப்ரூஸ்தான். இதை ஒரு குறையாகக் கருத வேண்டாம். மும்பையின் மழைக்கால ஈரத்தையும் தில்லியின் கோடை வறட்சியையும் ஒட்டுப்பலகை நன்றாகத் தாங்கும். தனிப்பலகையோ வெடிக்கவும் உப்பவும் கூடும். கொல்கத்தாவின் கிவ்சன் போன்ற நம் நாட்டுத் தயாரிப்புகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். யமஹாவும் 2019-ல் சென்னை அருகே தொழிற்சாலை தொடங்கிற்று. ஒரே பெயர், ஒரே விலையுள்ள இரண்டு கிட்டார்களுக்குள்ளும் வேறுபாடு இருக்கும் என்பதால், பெயர்ப்பலகையை மட்டும் நம்பாமல் கையிலுள்ள கருவியைச் சோதியுங்கள்.

வாங்கிய பின்பு

கடையில் மாட்டியிருக்கும் தந்திகள் பெரும்பாலும் பழையவை. அவற்றை அகற்றி, 'எக்ஸ்ட்ரா லைட்' எனப்படும் மெல்லிய தந்திகளை மாட்டுங்கள். விரலுக்குப் பாரம் குறையும். 'கேப்போ' என்னும் சிறு பிடியை இரண்டாம் ஃப்ரெட்டில் பூட்டினால் அழுத்துவது இன்னும் எளிதாகும். அம்மாவின் சுருதிக்கும் அப்பாவின் சுருதிக்கும் ஏற்ப இடம் மாற்றிப் பூட்டி, தெரிந்த கார்டுகளையே வாசிக்கலாம்.

எவ்வளவு நல்ல கிட்டாரானாலும் முதல் சில வாரங்கள் விரல் நுனி நோகத்தான் செய்யும். பின்பு தோல் தடித்துவிடும். நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், வாரத்தில் ஆறு நாள் என்று பழகட்டும். ஜி, சி, டி, ஈ மைனர் என்னும் நான்கு கார்டுகள் கைவந்தால் எத்தனையோ பாடல்களுக்குத் துணை வாசிக்கலாம்.

ஒற்றை அறை வீடானாலும் கிட்டாருக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். அடுப்பருகே வேண்டாம், வெயில் விழும் சுவரில் வேண்டாம், தகரக் கூரையின் கீழுள்ள பரணிலும் வேண்டாம். மழைக்காலத்தில் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள். ஆனால் பிள்ளையின் கைக்கு எட்டுகிற இடமாக அது இருக்கட்டும். எட்டிய இடத்தில் இருந்தால்தான் அவன் எடுப்பான், எடுத்தால்தான் பழகுவான்.

பிரியமான பெற்றோரே, உங்கள் பிரயாசத்தின் பணம் வீணாகாதபடி அளவுகோலுடன் கடைக்குப் போங்கள். பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள். அவன் விரல் எளிதாக அழுத்தும் கருவியையே வாங்கி வாருங்கள். ஒருவேளை அவன் பிற்பாடு வாசிப்பதை விட்டுவிட்டாலும், அது அவனுடைய விருப்பமாக இருக்கட்டும். கருவியின் கோளாறு அவனை விரட்டியதாக இருக்க வேண்டாம்.