வரைபடத்தில் ஏறாத பாடு

தமிழக–ஆந்திர எல்லையில் ஆரம்பாக்கத்தை ஒட்டிய பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் வீடு எங்கே கட்டலாம், கரையோரம் என்ன தொழில் வரலாம், எந்த இடத்தில் கை வைக்கவே கூடாது என்பதையெல்லாம் சொல்லும் ஆவணம் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம். இந்த ஏரியில் கடல் ஓதம் ஏறி இறங்குவதால் அதன் கரையும் கடற்கரைச் சட்டத்துக்குள் வருகிறது. ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2019 ஜனவரியில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, இந்தத் திட்டத்தைத் தயாரிப்பது மாநிலத்தின் பொறுப்பு. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வரைபடம் வரைகிறது. தமிழகத்துக்கு அந்த வேலையைச் செய்தது சென்னையிலுள்ள தேசிய நிலைத்த கடற்கரை மேலாண்மை மையம். வரைவு வெளியாகிறது, ஆட்சேபங்கள் வாங்கப்படுகின்றன, மாவட்டந்தோறும் கருத்துக்கேட்பு நடக்கிறது, மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் திருத்தி அனுப்புகிறது, கடைசியில் அமைச்சகம் ஒப்புதல் தருகிறது. படித்தால் குறை சொல்ல முடியாத வரிசைதான். ஆனால், திட்டத்தின் முடிவு கருத்துக்கேட்பு மேடையில் எடுக்கப்படுவதில்லை. அதற்கு வெகு முன்பே, முதல் வரைபடத்தில் எதை வரைவது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் மேசையிலேயே அது பெருமளவு முடிந்துவிடுகிறது.

அளவுகோலை மட்டும் பாருங்கள். அடிப்படை வரைபடம் 1:25,000 அளவில் வரையப்படுகிறது. அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். நூறு மீட்டர் நீளமுள்ள கருவாடு காயும் களம் அதில் அரை சென்டிமீட்டர்கூட வராது. அதே களம், சர்வே எண்வாரியாக நிலத்தைக் காட்டும் புலப்பட அளவிலான ஊர் வரைபடத்தில் இரண்டரை சென்டிமீட்டருக்கு விரியும். இது தெரிந்துதான் மீனவக் கிராமங்கள், அவர்களின் பொது இடங்கள், இறங்குதளங்கள், மீன் உலர்த்தும் இடங்கள் ஆகியவற்றைப் புலப்பட அளவில் காட்ட வேண்டும், நீண்டகால வீட்டுத் தேவைக்கும் திட்டம் தர வேண்டும் என்று இதற்கு முந்தைய 2011 அறிவிக்கையே வகுத்திருந்தது. அப்படியிருந்தும் 2023 ஆகஸ்டில் தமிழகக் கடலோர மாவட்டங்களில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தபோது மீனவர் அமைப்புகள் எழுப்பிய முதன்மையான புகார் இதுதான்: வரைவில் எங்கள் ஊரும் பொது இடங்களும் வீட்டுத் திட்டமும் முறையாக இல்லை. இல்லாத ஒன்றின் மேல் ஆட்சேபம் எழுதுவது எளிதல்ல. இருக்கும் கோடு தவறென்று சொல்ல ஒரு வரி போதும். இல்லாததைச் சேர்க்கச் சொல்பவர் சர்வே எண், ஆதாரம், பயன்பாட்டு வரலாறு எல்லாவற்றையும் தானே தேடிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

இந்த ஏரியில் விடுபடுவது தரை மட்டுமல்ல. தென்முனையில், முகத்துவாரத்தை ஒட்டிய சில ஊர்களில் இறால் பிடிப்பைப் பாடு முறைதான் நெடுங்காலமாக ஒழுங்கு செய்துவந்திருக்கிறது. நல்ல நீர்ப்பரப்புகளைப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, இன்னாருக்கு இன்ன நாள் இன்ன இடம் என்று தலைக்கட்டுகளுக்குச் சுழற்சியில் விடும் ஏற்பாடு அது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1991-லேயே இதை ஆய்வாக வெளியிட்டது. ஆக, தகவல் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்வதற்கில்லை. தண்ணீருக்கு நிறம் பூசும் அரசு வரைபடத்தில் தண்ணீரின் மேலுள்ள முறைக்குக் கட்டம் கிடையாது, அவ்வளவுதான்.

பாடு முறையையும் திட்டத்தில் பதிய வேண்டும் என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பாடு என்பது மீனவச் சாதியான பட்டினவர் குடும்பத்து ஆண்களுக்கே உரியது. மற்ற சாதியினருக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கும், பெண்களுக்கும் அதில் இடமில்லை. அதை அரசு ஆவணத்தில் ஏற்றினால் அநீதிக்கு முத்திரை குத்தியதாகாதா? நியாயமான கேள்வி. ஆனால், எழுதாமல் விட்டதால் அந்த அநீதி குறைந்துவிடவில்லை. யார் உள்ளே, யார் வெளியே என்பது பதிவானால்தான் வெளியே நிற்பவரும் தன் பங்கைக் கேட்க ஒரு தாள் கிடைக்கும். முகத்துவாரம் தூர்கிறது, இடம் மாறுகிறது. கோடு போட்டு உறைய வைக்க முடியுமா என்பது இன்னொரு மறுப்பு. ஜப்பானில் 1949 மீன்பிடிச் சட்டம் கூட்டுறவுச் சங்கங்களுக்கு எழுத்துபூர்வமான கடற்பரப்பு உரிமை தந்து, அதைப் பத்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்க வைத்தது. நம் மேலாண்மைத் திட்டத்தையும் ஐந்தாண்டு கழித்துத் திருத்தலாம். மாறும் பொருளுக்குக் கெடு வைத்து எழுதுவது புதிய வித்தை அல்ல. காலதாமதம் ஆகும் என்ற மூன்றாவது வாதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை: 2019 அறிவிக்கைக்கான கூட்டங்களே 2023-ல்தானே நடந்தன!

விடுபட்டதைத் தேடிச் சேர்க்கும் வழி வேறொரு சட்டத்திலேயே இருக்கிறது. ஏரியின் ஆந்திரப் பகுதி 1976-லும் தமிழகப் பகுதி 1980-லும் பறவைகள் சரணாலயங்களாயின. சரணாலய எல்லைக்குள் உள்ள உரிமைகளைத் தீர்க்கும்போது, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு மாவட்ட ஆட்சியரிடம் எழுதிக் கொடுத்த கோரிக்கைகளை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. யாரும் கோராத உரிமைகளையும் அரசுப் பதிவேடுகளிலிருந்தும் விவரமறிந்தவர்களின் சாட்சியத்திலிருந்தும் அவர் விசாரித்தறிய வேண்டும். தேடும் பொறுப்பு அங்கே அதிகாரியுடையது. கடலோரத் திட்டத்திலும் இதே கடமையை வரைவுக்கு முந்தைய கட்டத்தில் வைக்கலாம்: புலப்படத்தை விரித்து, குப்பம் குப்பமாக, ஊர்ப் பஞ்சாயத்துக்கு வெளியே நிற்பவர்களையும் அழைத்து, தமிழில் சாட்சியம் வாங்கலாம். ஆரம்பாக்கம் பக்கத்தில் அது மட்டும் போதாது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. மாநில எல்லை தண்ணீரின் மேல் போகிறது. எல்லை தாண்டி வலை விட்டதாக இரு பக்கத்து மீனவர்களுக்கும் தகராறு வருவதுண்டு. இரு மாநிலங்களும் தனித்தனியே வரையும் திட்டங்களில் அந்தப் பிணக்குக்கு இடமே இல்லை. எதிர்க்கரைக் குப்பத்தாரையும் அதே அமர்வில் தெலுங்கில் கேட்டு, இரண்டு வாக்குமூலங்களையும் ஒரே படத்தில் குறித்தால், எல்லைத் தகராறுள்ள பரப்பு எது என்பதாவது அமைச்சகத்தின் ஒப்புதலுக்குப் போகும் தாளில் இருக்கும்.