ஹக்ஸ்லி எதற்கு அஞ்சினார்?

ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவல் 1932இல் வெளிவந்தது. அதில் குழந்தைகள் தாய் வயிற்றில் பிறப்பதில்லை. லண்டனில் உள்ள ஒரு நிலையத்தில் புட்டிகளில் வளர்கின்றன. ஆல்ஃபா முதல் எப்சிலான் வரை ஐந்து பிரிவுகள். எப்சிலானாக்க வேண்டிய கருவுக்கு ஆக்ஸிஜனைக் குறைத்து மூளையை மழுங்கச் செய்கிறார்கள். அடிமட்ட வேலை செய்ய அறிவு எதற்கு என்பது அந்த அரசின் கணக்கு. உறக்கத்தில் ஓதப்படும் பாடங்களும் சோமா என்னும் போதை மாத்திரையும் எல்லோரையும் திருப்தியாக வைத்திருக்கின்றன.

இதைப் படித்தவர்கள், மனிதரைத் தரம்பிரித்துப் பெருக்கும் யூஜெனிக்ஸ் கொள்கைக்கு ஹக்ஸ்லி எதிரி என்றே எண்ணுவார்கள். உண்மை அப்படியில்லை.

பிரிட்டிஷ் அறிவியலாளர் கால்டன் 1883இல் பெயர் சூட்டிய அந்தக் கொள்கை, ஹக்ஸ்லியின் காலத்தில் படித்தவர்களிடையே மதிப்போடு பேசப்பட்டது. அண்ணன் ஜூலியன் ஹக்ஸ்லி உயிரியலாளர். பின்னாளில் பிரிட்டனின் யூஜெனிக்ஸ் சங்கத்துக்கே தலைவரானார். கருவைத் தாய்க்கு வெளியே வளர்க்கும் எண்ணமும் புதிதல்ல. உயிரியலாளர் ஹால்டேன் 1924இல் வெளியிட்ட சிறு நூலில் அதை வரவேற்றே எழுதியிருந்தார்.

நாவல் வந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1934இல், ஹக்ஸ்லி ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினார். அறிவுத்திறன் குறைந்தோர் அதிகம் பிள்ளை பெறுவதால் நாட்டின் அறிவு சரிகிறது என்று கவலைப்பட்டு, மனவளர்ச்சி குன்றியோருக்குக் கருத்தடை செய்வதை ஆதரித்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் நாஜிகளின் கட்டாயக் கருத்தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு இரையானவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர்.

அப்படியானால் நாவலில் அவர் எதைக் கண்டு அஞ்சினார்? மனிதரைத் தேர்ந்தெடுப்பதைக் கண்டு அல்ல. அரசு தன் வசதிக்காக மனிதரைச் சிறுமைப்படுத்துவதைக் கண்டுதான். 1962இல் வெளிவந்த 'ஐலண்ட்' நாவலில் அவர் கற்பனை செய்த நல்ல சமூகத்திலும், திறமைசாலிகளின் உறைந்த விந்தைக் கொண்டு தம்பதியர் தாமே விரும்பிப் பிள்ளை பெறுகிறார்கள். கட்டாயம் இல்லை, அவ்வளவே.

இங்கேதான் ஹக்ஸ்லி தவறினார் என்பேன். 'குறைந்தவர்' யார் என்று முடிவு செய்யும் உரிமையை ஒருவர் கையில் கொடுத்துவிட்டால், கட்டாயம் வர அதிக நாள் ஆகாது. ஜெர்மனியில் அந்த முடிவை எடுத்தவை நீதிபதியும் மருத்துவர்களும் அமர்ந்த மன்றங்கள். நாவலின் எச்சரிக்கை இதனால் பொய்யாகிவிடவில்லை. அதை எழுதியவரையும் சேர்த்தே அது எச்சரிக்கிறது. 'பிரேவ் நியூ வேர்ல்ட்' படிப்பவர்கள் அந்த 1934 கட்டுரையையும் தேடிப் படியுங்கள்.