ஏரியிலும் வயலிலும் பறவைக் கணக்கு

தை பிறந்ததும் ஏரிக்கரைகளில் ஏடும் பென்சிலுமாகச் சிலர் நிற்பதை நம் வட்டாரத்துக் குடியானவர்கள் கண்டிருக்கலாம். அவர்கள் நிலம் அளக்க வந்தவர்கள் அல்லர். ஊதியமின்றிப் பறவைகளை எண்ண வந்த தொண்டர்கள். ஊராட்சிக் கூட்டமொன்றில் நாம் இதனை விளக்கியபொழுது, முதியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இன்று பறவையை எண்ணுவீர்கள், நாளை ஏரியைச் சரணாலயம் என்பீர்கள். பிறகு எங்கள் மதகைத் திறப்பது யார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

எண்ணுவதனால் பாசன உரிமை மாறுவதில்லை. சரணாலயமாக அறிவிப்பது 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடைபெறும் வேறொரு நடவடிக்கை. அதிலும் மக்களின் உரிமைகளை மாவட்ட ஆட்சியர் விசாரித்தறிய வேண்டும். மேலும், செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் பறவைகளுக்குக் காப்பு வேண்டுமென்று முதலில் கேட்டவர்கள் குடியானவர்களே. எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபொழுது முறையிட்டு, ஆட்சியர் லயனல் பிளேசிடம் 1798இல் ஆணை பெற்றனர்.

எண்ணி ஆவதென்ன என்பாரும் உளர். 1990களில் பிணந்தின்னிக் கழுகுகள் குறைந்தது, இராசத்தானத்துப் பரத்பூரில் பல ஆண்டு இடைவெளியில் எடுத்த கணக்குகளை ஒப்பிட்ட பின்னரே தெளிவாயிற்று. மாடுகளுக்குப் போடும் டைக்குளோஃபினாக் என்னும் வலி மருந்தே காரணம் என்பது 2004இல் வெளியாயிற்று. 2006இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. பழைய கணக்கு இல்லாதிருந்தால் எதனோடு ஒப்பிட்டிருக்க முடியும்?

வடகிழக்குப் பருவமழையால் ஏரிகள் நிறைந்து, வடநாடுகளிலிருந்து வந்த பறவைகள் ஓரிடத்தில் தங்கியிருப்பது தை மாதத்தில்தான். இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்து அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கும் வருகின்றது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறுகின்றது. பொங்கல் நாட்களில் பறவைகளை எண்ணும் வழக்கமும் தமிழ்நாட்டில் 2015இல் தொடங்கியது.

எண்ணும் முறை எளிது; பொறுமைதான் வேண்டும். காலை வெயில் ஏறுமுன், சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு நிற்க வேண்டும். பெருங்கூட்டமாயின் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்த அளவு எத்தனை முறை அடங்குகிறதென்று கண்ணால் அளக்கலாம். முதலாண்டில் நாம் ஒரே கூட்டத்தை இருமுறை எண்ணிவிட்டோம். எங்கோ வெடித்த பட்டாசினால் நாமக்கோழிகள் எழுந்து மறுகரையில் அமர்ந்துவிட்டன. அங்கிருந்தவர் அவற்றைப் புதிதென்று எழுதிக்கொண்டார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன்தான் பிழையைச் சொன்னான். அதன்பின் இரு கரையிலும் நிற்போர் நேரத்தைக் குறித்து ஒப்பிடுகின்றனர்.

வயலை விட்டுவிடலாகாது. வரப்பில் பதினைந்து நிமிடம் நின்றால் போதும். உழவு மாட்டின் பின்செல்லும் உண்ணிக்கொக்கு, புழுக்களைப் பிடிக்கும் கரிச்சான், நத்தை தின்னும் நத்தைகுத்தி நாரை, ஆட்காட்டி, வாலாட்டி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதலாம். எலி பிடிக்கும் கூகை பகலில் தென்படாது; இரவுக் காவலுக்குச் செல்வோரைக் கேட்டறிய வேண்டும். நெல்வயலில் பறவைத் தாங்கி நட்டிருப்பின் அதனையும் குறிக்கலாம். பூச்சிமருந்து தெளித்த வயலில் இறந்துகிடக்கும் பறவையையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

நாள், நேரம், ஏரியின் நீர்மட்டம், எண்ணியவர் பெயர் ஆகியவை ஏட்டின் தலைப்பில் இருத்தல் அவசியம். பறவையே இல்லையெனில் "இல்லை" என்று எழுதுக. வெற்றுத்தாளைக் கணக்காகக் கொள்ள இயலாது. ஒரு படியை ஊராட்சி அலுவலகத்தில் வைத்துக்கொண்டால், அடுத்த தையில் அதே கரையில் நிற்போருக்கு உதவும்.